குழந்தை யாருடையது? மதப்பற்றுள்ள யூதத் தம்பதிக்கு முன்னால் உள்ள வழிகள்

இஸ்ரேலில் ஐவிஎஃப் என்ற சோதனைக்குழாய்க் கருத்தரிப்புச் சிகிச்சைக்கு அரசே பணம் கட்டுகிறது என்று சொன்னால், கேட்பவர்கள் அடுத்துக் கேட்பது பெரும்பாலும் இதுதான்: "அவ்வளவு மதக் கட்டுப்பாடு உள்ள ஊரில் யூத மதகுருக்களான ரபிகள் சும்மா விட்டுவிடுவார்களா?" இன்னும் சிலர், "தான விந்து, தானக் கருமுட்டை, வாடகைத்தாய், தத்து என்று இத்தனை வழி இருக்கும்போது மதப்பற்றுள்ள தம்பதி எதைத்தான் எடுக்கும்?" என்று கேட்கிறார்கள். நம் வீடுகளிலும் இதே பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு முடிவெடுக்க முடியாமல் இருப்பவர்கள் உண்டு. அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ரபிகள் சும்மா விடுவதில்லை. ஆனால் நாம் எதிர்பார்க்கும் இடத்தில் அவர்கள் தடுப்பதும் இல்லை. கத்தோலிக்கத் திருச்சபை 1987ல் சோதனைக்குழாய் முறையையே ஏற்க முடியாது என்று அறிவித்தது. கருத்தரிப்பு தம்பதியின் கூடலிலிருந்து பிரியக் கூடாது என்பது அதன் நிலை. யூத மதச் சட்டமான ஹலாகாவுக்கு அது அவ்வளவு பெரிய கவலை இல்லை. பிறக்கப்போகும் குழந்தைக்கு அப்பா யார், அம்மா யார், அது யூதரா, நாளைக்கு யாரைக் கட்டிக்கொள்ளலாம் என்பதுதான் அங்கே கேள்வி. பழைய ரபிகளின் சட்ட விவாதத் தொகுப்பான தல்மூதிலேயே, ஆண் தொடர்பு இல்லாமல் குளியல் நீரில் இருந்த விந்தால் ஒரு கன்னி கருவுற்றால் அவளைத் தலைமைக் குருவுக்கு மணம் முடிக்கலாமா என்று ஒரு விவாதம் வருகிறது. இன்றைக்கு ஐயுஐ, அதாவது விந்தைக் கருப்பைக்குள் நேரே செலுத்தும் முறை பற்றிப் பேசும் ரபிகள் அந்தப் பக்கத்தைத்தான் புரட்டுகிறார்கள்.

இங்கே சொல்வதெல்லாம் ஹலாகாவை அன்றாடம் கடைப்பிடிக்கும் ஆர்த்தடாக்ஸ் தம்பதியை மனதில் வைத்து. சீர்திருத்த யூதர்கள் இவற்றில் பலவற்றைத் தம்பதியின் மனசாட்சிக்கே விட்டுவிடுகிறார்கள். கன்சர்வேடிவ் பிரிவு நடுவில் நிற்கிறது.

## எதை வைத்து எடை போடுவது

கடமை. "பலுகிப் பெருகுங்கள்" என்ற ஆதியாகமக் கட்டளை, தல்மூதின் அடிப்படையான சட்டத் தொகுப்பு மிஷ்னாவின்படி ஆணுக்கு மட்டும்தான். ஒரு மகனும் ஒரு மகளும் பிறந்தால் கடமை தீர்ந்தது என்பது ஹில்லேல் பள்ளியின் தீர்ப்பு, அதுவே நிலைத்தது. ஆகவே ஒவ்வொரு வழியிலும் முதல் கேள்வி, இதனால் கணவரின் கடமை தீருமா என்பது.

வம்சம். யூதராகப் பிறப்பது தாய்வழி. கோஹேன் என்ற குருமார் பரம்பரை தந்தைவழி. இந்த இரண்டு கயிறுகளும் தனித்தனி என்பதை மறந்தால் கீழே வரும் எதுவும் புரியாது.

பிற்காலக் கல்யாணம். கணவன் உள்ள பெண் வேறொருவனோடு கூடிப் பெற்ற பிள்ளை 'மம்ஸேர்'. பொதுவான யூத சமூகத்தில் அந்தப் பிள்ளைக்குக் கல்யாணம் இல்லை. அப்புறம், தெரியாமல் அண்ணன் தங்கை கட்டிக்கொள்ளும் ஆபத்து. இது அதிகக் கவலை என்று தோன்றலாம். சின்ன சமூகம், ஊருக்குள்ளேயே பெண் எடுக்கும் வழக்கம், பெயர் தெரியாத கொடையாளர் என்று மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் அப்படித் தோன்றாது.

செய்முறை. விந்தை வீணாக்கக் கூடாது, தீட்டு நாள்களில் சேரக் கூடாது, லேபில் யாருடையதும் யாருடையதோடும் கலக்கக் கூடாது.

உடம்பும் ரகசியமும். இவற்றை ரபிகளின் நூல்கள் கடைசியில் வைக்கின்றன. நான் இருந்தால் முன்னால் வைப்பேன். ஊசி போட்டுக்கொள்வது யார், யாரிடம் எதை மறைத்து வாழ வேண்டும் என்பதெல்லாம் வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியும்.

| வழி | கணவரின் கடமை | கல்யாணச் சிக்கல் | கண்ணுக்குத் தெரியாத செலவு |
|---|---|---|---|
| சொந்த அணுக்களோடு ஐவிஎஃப் | தீரும் என்பதே பெரும்பான்மை | இல்லை | மனைவியின் உடம்பு. நிறுத்த முடியாமை |
| தானக் கருமுட்டை | தீரும், தாய் யார் என்ற சந்தேகத்தோடு | மதமாற்றம் நடந்தால், மகள் கோஹேனை மணப்பதில் | குழந்தையின் யூத அடையாளம் குறித்த விவாதம் |
| தான விந்து | தீராது | கொடையாளர் யார் என்பதைப் பொறுத்தது | வீட்டுக்குள் மௌனம் |
| வாடகைத்தாய் | தீரும் | தாய் யார் என்ற அதே சந்தேகம் | இன்னொரு பெண்ணின் உடம்பு |
| தத்து | நேரடியாகத் தீராது. பெரும் புண்ணியம் | மதம் மாற்றினால் உண்டு | காத்திருப்பு |

## மருத்துவரிடம் போவதற்கு முன்: நாள் கணக்கு

பட்டியலில் இல்லாத ஒரு வழியை முதலில் சொல்லிவிடுகிறேன். செலவே இல்லாதது என்பதால் பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

மாதவிலக்கு வந்தால் கணவனும் மனைவியும் தொட்டுக்கொள்ளக் கூடாது. ஐரோப்பிய வழி யூதர்களான அஷ்கெனாஸிகளின் வழக்கப்படி குறைந்தது ஐந்து நாள் கழிய வேண்டும். உதிரம் நின்றபின் ஏழு சுத்தமான நாள் எண்ண வேண்டும். பிறகு மிக்வே என்ற குளத்தில் மூழ்கி எழுந்தால்தான் சேரலாம். கூட்டினால் பன்னிரண்டு நாள். இருபத்தெட்டு நாள் சுழற்சி உள்ள பெண்ணுக்கு இது கச்சிதமாகப் பொருந்தும், முட்டை வெளியாவதற்குச் சற்று முன்பாக. ஆனால் இருபத்துநான்கு நாள் சுழற்சி உள்ளவளுக்குப் பத்தாம் நாளே முட்டை வந்து போய்விடுகிறது. அவள் மிக்வேக்குப் போகும் இரவில் எல்லாம் முடிந்திருக்கும். உடம்பில் ஒரு குறையும் இல்லை, வருடக்கணக்கில் குழந்தையும் இல்லை. இதற்கு 'ஹலாகா மலடு' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

மருத்துவர்கள் ஈஸ்ட்ரோஜன் மாத்திரை கொடுத்து முட்டை வெளியாவதைச் சில நாள் தள்ளிவைக்கிறார்கள். இதில் எனக்கு உறுத்துவது ஒன்று உண்டு. ஏழு சுத்த நாள்கள் எல்லாப் பெண்களுக்கும் என்பது மோசேயின் ஐந்து நூல்களான தோராவின் நேர்க் கட்டளை அல்ல. இஸ்ரவேலின் பெண்கள் தாங்களாகவே ஏற்றுக்கொண்ட கடுமை என்று தல்மூதே சொல்கிறது. அதைத் தளர்த்தலாமே என்று இஸ்ரேலிய மகப்பேறு மருத்துவர் ஒருவர் 2000களில் வெளிப்படையாக வாதிட்டார். ரபிகள் அசையவில்லை. சட்டத்தை மாற்றுவதைவிட ஹார்மோனை மாற்றுவது சுலபமாகப் போயிற்று.

இன்னொரு வழி, மிக்வேக்கு முன்பே கணவரின் விந்தை ஐயுஐ மூலம் செலுத்துவது. உடல் சேர்க்கை இல்லாததால் தீட்டில் பிறந்த பிள்ளை என்ற குறை வராது என்பதற்குப் பதின்மூன்றாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு ரபி பெரெட்ஸின் குறிப்பு ஆதாரம். கணவன் படுத்த விரிப்பில் தீட்டுக்காரி படுக்கலாம், ஆனால் வேறொரு ஆண் படுத்த விரிப்பில் படுக்கக் கூடாது, ஏனென்றால் அதிலிருந்து கருவுற்றால் அந்தப் பிள்ளை தெரியாமல் தன் தந்தையின் மகளைக் கட்டிவிடலாம் என்று அவர் எழுதினார். விரிப்பைப் பற்றிய இந்த வரிகள்தான் எழுநூறு வருடம் கழித்து விந்து வங்கிகளைப் பற்றிய தீர்ப்புகளுக்கு அடித்தளமாயின.

யாருக்கு: சுழற்சி குறுகியவர்களுக்கு. ஐவிஎஃப் மையத்தில் பதிவு செய்வதற்கு முன் இந்தக் கணக்கை ஒரு தடவை போட்டுப் பார்த்துவிட வேண்டும்.

## சொந்த அணுக்களோடு ஐவிஎஃப்

1978ல் இங்கிலாந்தில் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை. 1982ல் இஸ்ரேலில். அந்த நாள்களில் ஜெருசலேமின் ரபி எலியேசர் வால்டன்பர்க் இதைக் கடுமையாக எதிர்த்தார். உடலுக்கு வெளியே உருவானதால் குழந்தைக்குத் தந்தையும் இல்லை, தாயும் இல்லை என்றே எழுதினார். ரபி ஓவாடியா யோசெஃப் போன்றவர்கள் அனுமதித்தார்கள். காலப்போக்கில் அனுமதித்தவர்கள் பக்கமே கூட்டம் சேர்ந்தது. கணவரின் விந்து, மனைவியின் முட்டை, மனைவியின் கருப்பை: வம்சக் கயிறு எங்கும் அறுபடவில்லை. உலகத்திலேயே தலைக்கு அதிகமாக ஐவிஎஃப் செய்யும் நாடு இஸ்ரேல்தான். இரண்டு குழந்தை பிறக்கும்வரை, சொந்த முட்டையென்றால் பெண்ணின் 45 வயது வரை, பொது மருத்துவக் காப்பீட்டிலேயே நடக்கிறது.

அனுமதி கிடைத்தாலும் நடைமுறையில் முட்டும் இடங்கள் உண்டு. முதலாவது, விந்து எடுப்பது. லேபில் ஒரு டப்பாவைக் கொடுத்து அறைக்குள் அனுப்பும் வழக்கத்தைப் பல ரபிகள் ஏற்பதில்லை. அதற்காகத் தனி ஆணுறை வைத்திருக்கிறார்கள்: விந்தணுவைக் கொல்லும் பூச்சு இல்லாதது, நுனியில் சின்னத் துளை போட்டது. தம்பதி வீட்டில் சேர்ந்தபின் அதைச் சீக்கிரமாக லேபுக்குக் கொண்டுபோக வேண்டும். துளை இருப்பதால் கருத்தரிக்க வழி முழுசாக அடைபடவில்லை, ஆகவே விந்து வீணாகவில்லை என்பது கணக்கு. வெளியே இருந்து பார்ப்பவருக்குச் சிரிப்பு வரலாம். அந்தத் துளையைப் போட்டதால்தான் ஆயிரக்கணக்கான ஆண்கள் பரிசோதனைக்கே வந்தார்கள் என்பதையும் யோசிக்க வேண்டும். குறை ஆணிடம் இருந்தும் பெண்ணையே ஊசி ஊசியாகக் குத்தும் கதை நமக்குப் புதிதல்ல.

விந்தில் அணுவே இல்லாதபோது விரையிலிருந்து ஊசி மூலமோ சிறு அறுவை மூலமோ எடுப்பார்கள். இங்கே உபாகமத்தின் ஒரு வசனம் குறுக்கே வருகிறது: விதை நசுக்கப்பட்டவன் கர்த்தருடைய சபைக்கு உட்படலாகாது. அப்படியானால் விரையில் கத்தி வைத்துக்கொண்டவர் தன் மனைவியோடு வாழலாமா? பிள்ளை பெறுவதற்காக மருத்துவர் செய்வது அந்த வசனத்தில் சேராது என்று பலர் தீர்த்துவிட்டார்கள். ஆனாலும் அறுவைக்கு நாள் குறிப்பதற்கு முன் ரபியிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்கிறார்கள்.

இரண்டாவது, லேப். 1990ல் ரபி மெனாகெம் பர்ஸ்டைன் ஜெருசலேமில் தொடங்கிய புவா நிறுவனம் இதற்கென்றே கண்காணிப்பாளர்களை அனுப்புகிறது. பெரும்பாலும் பெண்கள். விந்தைக் கழுவும்போது, முட்டையோடு சேர்க்கும்போது, உறைய வைக்கும்போது, திரும்ப எடுக்கும்போது பக்கத்தில் நின்று பெயரையும் குழாயையும் சரிபார்ப்பதே வேலை. யூத உணவுச் சட்டப்படி நடக்கும் கோஷர் சமையலறையில் இறைச்சியும் பாலும் கலக்காமல் ஒருவர் நின்று பார்ப்பாரே, அதே ஏற்பாடு. லேப் ஆட்களுக்கு ஆரம்பத்தில் எரிச்சலாகத்தான் இருந்திருக்கும். ஆனால் 2022ல் இஸ்ரேலிய மருத்துவமனை ஒன்றில் கரு மாறிப்போய், ஒரு பெண் வேறொரு தம்பதியின் கருவைச் சுமந்து பெற்றார். குழந்தை யாருக்கு என்ற வழக்கு நீதிமன்றம் நீதிமன்றமாகப் போனது. அதற்கப்புறம் கண்காணிப்பை மூடநம்பிக்கை என்று சொல்ல வாய் வராது.

மறைந்திருக்கும் செலவு பணம் இல்லை. இலவசம் என்பதாலேயே நிறுத்துவது கடினமாகிவிடுகிறது. பத்துப் பிள்ளை பெறுவது சாதாரணமான தெருவில், அரசு பணம் கட்டும்போது, இன்னொரு சுற்று வேண்டாம் என்று ஒரு பெண் சொல்வதற்கு மிகுந்த துணிச்சல் வேண்டும்.

யாருக்கு: இருவரிடமும் அணு கிடைக்கும் யாருக்கும் இதுவே முதல் தேர்வு. 1992ல் பிரஸ்ஸல்ஸில் வந்த இக்ஸி முறைக்குப் பிறகு ஒரே ஒரு விந்தணுவைக்கூட முட்டைக்குள் நேரே செலுத்தலாம் என்பதால், முன்பு தான விந்துக்குப் போயிருக்க வேண்டிய பலர் இங்கேயே நின்றுவிடுகிறார்கள்.

## தானக் கருமுட்டை

இங்கேதான் உண்மையான மூளை வேலை தொடங்குகிறது. முட்டை ஒருத்தியுடையது, சுமந்து பெற்றவள் இன்னொருத்தி. தாய் யார்?

தோராவும் தல்மூதும் எழுதப்பட்டபோது இப்படி ஒரு நிலைமை இல்லை. ரபிகள் அதற்காகக் கைவிரிக்கவில்லை. பக்கத்தில் இருப்பதைத் தேடி எடுத்தார்கள். ஆதியாகமத்தின் அராமிய மொழிபெயர்ப்பு ஒன்றில், லேயாளின் வயிற்றில் இருந்த யோசேப்பும் ராகேலின் வயிற்றில் இருந்த தீனாளும் இடம் மாறியதாக வருகிறது. வேதமோ தீனாளை லேயாளின் மகள் என்றும் யோசேப்பை ராகேலின் மகன் என்றும் சொல்கிறது. ஆகப் பெற்றவளே தாய். அடுத்தது, கர்ப்பமாக இருக்கும்போது யூதராக மாறிய பெண்ணுக்குப் பிறக்கும் இரட்டையர் தாய்வழிச் சகோதரர்களாகவே கருதப்படுவார்கள் என்ற தல்மூத் விதி. மாறியவர் புதிதாகப் பிறந்தவர்போல, பழைய உறவு அறும் என்பது ஹலாகா. அப்படியிருந்தும் இரட்டையரின் உறவு நிற்கிறது என்றால் அது பிறப்பால் வந்தது. மூன்றாவது எனக்குப் பிடித்தது. நட்டு மூன்று வருடம் ஆகாத மரத்தின் கனியை உண்ணக் கூடாது. ஆனால் இளங்குருத்தை முதிர்ந்த மரத்தில் ஒட்டுப்போட்டால் அது முதிர்ந்த மரமாகவே கணக்காகும். ஒட்டியபின் குருத்துக்குத் தனி வயது கிடையாது. கருப்பையில் வைத்த கருவும் அப்படியே என்பது வாதம்.

நீண்ட காலம் பெரும்பான்மை, பெற்றவள் பக்கம். சமீப பத்தாண்டுகளில் முட்டைக்காரியே தாய் என்ற குரல் பலமாகியிருக்கிறது. ரபி ஷ்லோமோ சல்மான் ஆவர்பாக் போன்ற பெரியவர் இரு பக்கமும் உறுதியாகச் சொல்ல முடியாத சந்தேகமாகவே இதை வைத்தார். சந்தேகத்தின் விளைவு நடைமுறையில் இது: முட்டை யூதரல்லாத பெண்ணுடையது என்றால், பிறந்த குழந்தையை முன்ஜாக்கிரதையாக மதமாற்றம் செய்துவிடச் சொல்கிறார்கள். மிக்வேயில் மூழ்க வைத்து, ஆண் என்றால் அந்த நோக்கத்தோடு விருத்தசேதனம் செய்து, மூன்று பேர் கொண்ட மதநீதிமன்றத்தின் முன்னால்.

அதோடு முடிந்ததா? மதம் மாறிய பெண்ணைக் கோஹேன் மணக்கக் கூடாது. அப்படியானால் முன்ஜாக்கிரதைக்காக மாற்றிய மகளுக்கு இருபது வருடம் கழித்து ஒரு கோஹேன் வரன் வந்தால் அன்றைக்குப் பழைய காகிதங்களை எடுக்க வேண்டியிருக்கும். மாப்பிள்ளை வீட்டுக்கு எதைச் சொல்வது, எப்போது சொல்வது? சிகிச்சைக்குப் போகும் முன் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். மருத்துவமனை இதைச் சொல்லாது.

2010ல் வந்த கருமுட்டைக் கொடைச் சட்டம் இதை ஓரளவு சீர்படுத்தியது. கொடையாளருக்கு 20 முதல் 35 வயது. பெறுபவருக்கு 54 வரை. மதமும் பார்க்கப்படுகிறது. உள்நாட்டில் கொடையாளர் குறைவு என்பதால் வெளிநாடு போவதும் நிற்கவில்லை.

யாருக்கு: மனைவிக்கு முட்டை இல்லை, கருப்பை நன்றாக இருக்கிறது, கணவரின் அணு போதும் என்னும்போது. என் கணிப்பில், அந்நிய அணு தேவைப்படும் வழிகளில் ஆர்த்தடாக்ஸ் வீட்டில் குறைவான காயத்தோடு முடிவது இது. மனைவி பத்து மாதம் சுமக்கிறாள், ஊர் பார்க்கிறது, கணவரின் கடமை தீருகிறது. ஆனால் முட்டை யூதப் பெண்ணுடையதா என்ற பதில் கையில் இல்லாமல் தொடங்கக் கூடாது.

## தான விந்து

மருத்துவப்படி பார்த்தால் ஐவிஎஃப்பைவிட எளிதானது. ஹலாகாப்படி பார்த்தால் மிகவும் கசப்பானது.

நியூயார்க்கில் இருந்த ரபி மோஷே ஃபைன்ஸ்டைன், அமெரிக்க ஆர்த்தடாக்ஸ் உலகின் பெரிய சட்ட அறிஞர், 1959ல் ஒரு பதில் எழுதினார். உடல் சேர்க்கை இல்லாததால் இது விபசாரம் இல்லை. குழந்தை மம்ஸேர் இல்லை. கொடையாளர் யூதரல்லாதவராக இருந்தால் அண்ணன் தங்கை கல்யாண பயமும் இல்லை, ஏனென்றால் ஹலாகா அந்தத் தந்தையை உறவாகவே கணக்கெடுக்காது. கடும் பழமைவாத ஹசீதியக் குழுவான சத்மாரின் தலைவர் யோவெல் டைட்டல்பாம் கொதித்துப் போனார். கண்டனங்கள் பறந்தன. நடைமுறையில் இதைச் செய்யச் சொல்லவில்லை என்று ஃபைன்ஸ்டைன் பின்னால் விளக்க வேண்டியதாயிற்று. இன்றைக்கும் பல ரபிகளுக்கு இது தொட விரும்பாத விஷயம். அனுமதிப்பவர்கள் ஆளைப் பார்த்து, தனியே, காதோடு காதாகச் சொல்கிறார்கள்.

விசித்திரம் என்னவென்றால், யூதக் கொடையாளரைவிட யூதரல்லாதவரே இங்கே பாதுகாப்பு. யூதர் என்றால் அவரே தந்தை, அவருடைய மற்றப் பிள்ளைகள் உடன்பிறப்புகள், கொடையாளர் பெயரோ ரகசியம். தன் இனத்தாரையே தேடும் ஒரு சமூகம் இந்த ஒரு இடத்தில் மட்டும் வெளி ஆளைத் தேடுகிறது. அதற்கும் விலை உண்டு: யூதரல்லாத தந்தைக்குப் பிறந்த மகள் கோஹேனை மணப்பதைப் பலர் ஏற்பதில்லை.

கணவர் கோஹேனாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். மகன் பிறந்தால் அவன் கோஹேன் ஆக மாட்டான். ஜெப ஆலயத்தில் தோரா வாசிக்க முதலில் அழைப்பது கோஹேனை. கையை உயர்த்திச் சபையை ஆசீர்வதிப்பதும் அவர்களே. அப்பா முன்னால் போய் நிற்க, பதின்மூன்று வயது மகன் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தால் ஊருக்கே விஷயம் தெரிந்துவிடும். மகனையும் முன்னால் அனுப்பினால் அது பொய்.

யாருக்கு: விரையிலிருந்தும் அணு கிடைக்கவில்லை, மனைவிக்குச் சுமக்க ஆசை, இருவரும் இதைப் பற்றித் தங்களுக்குள் வெளிப்படையாகப் பேச முடியும் என்னும்போது மட்டும். கணவருடைய கடமை இதனால் தீராது என்பதை முன்பே அவர் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் தத்து மேல்.

## வாடகைத்தாய்

1996ல் இஸ்ரேல் இதற்கென்று தனிச் சட்டம் போட்டது. ஒவ்வொரு ஒப்பந்தமும் மருத்துவர்கள், உளவியலர், சமூகப் பணியாளர், வழக்கறிஞர், மதப் பிரதிநிதி அடங்கிய குழுவின் ஒப்புதல் பெற வேண்டும். சுமப்பவர் மணமாகாதவராக, பொதுவாக அம்மாவின் மதத்தையே சேர்ந்தவராக இருக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் கேட்டது. இரண்டு நிபந்தனைக்கும் பின்னால் ஹலாகா நிற்பது தெரிகிறது: மணமானவர் என்றால் மம்ஸேர் சந்தேகம், வேறு மதம் என்றால் குழந்தையின் மத சந்தேகம். தாய் யார் என்ற விவாதம் முட்டைக் கொடையில் பார்த்ததேதான், திருப்பிப் போட்டது.

ஒருபாலினத் தம்பதிகளுக்கு 2022 ஜனவரியில்தான் உள்நாட்டில் வழி திறந்தது. அதுவரை அவர்கள் வந்தது நம் பக்கம். மும்பை மருத்துவமனைகளில் பல இஸ்ரேலியக் குழந்தைகள் பிறந்தன. இந்தியா 2012ல் விசா விதிகளை இறுக்கியதும் நேபாளத்துக்குப் போனார்கள். அங்கே சுமந்தவர்களிலும் இந்தியப் பெண்கள் உண்டு. 2015 ஏப்ரல் நிலநடுக்கத்தில் இஸ்ரேல் விமானம் அனுப்பிக் காத்மாண்டுவிலிருந்து குழந்தைகளை மீட்டது. சுமந்த பெண்கள் என்ன ஆனார்கள் என்ற கேள்வி அப்போதுதான் இஸ்ரேலிலேயே சத்தமாக எழுந்தது. சாராள் தன் வேலைக்காரி ஆகாரைக் கணவருக்குக் கொடுத்ததை இதற்கு முன்மாதிரியாகச் சிலர் காட்டுவதுண்டு. அந்தக் கதை ஆகார் பிள்ளையோடு வனாந்தரத்துக்குத் துரத்தப்படுவதில் போய் நிற்கிறது. அதை யாரும் மேற்கோள் காட்டக் காணோம்.

யாருக்கு: கருப்பை இல்லாத, அல்லது கர்ப்பம் உயிருக்கே ஆபத்தான பெண்ணுக்கு. வேறு காரணத்துக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

## தத்து

அநாதையைத் தன் வீட்டில் வளர்ப்பவன் அதைப் பெற்றவனைப் போல என்கிறது தல்மூத். மொர்தெகாய் எஸ்தரை வளர்த்தது எல்லோருக்கும் தெரிந்த கதை. ஆனால் "போல" என்பதோடு சரி. ஹலாகாவில் தத்து ரத்த உறவை மாற்றாது. பிள்ளை பெரியவர்களானதும் எதிர்பாலாரான வளர்ப்புப் பெற்றோரோடு தனியே இருக்கலாமா என்றுகூட விவாதம் நடந்திருக்கிறது. ஐவிஎஃப்பை எதிர்த்த வால்டன்பர்க்தான் இதில் தாராளமாக அனுமதித்தார். மனிதர்களை ஒரே கட்சியில் அடைக்க முடியாது.

இஸ்ரேலின் 1981 சட்டம் தத்தெடுப்பவரும் பிள்ளையும் ஒரே மதமாக இருக்கச் சொல்கிறது. உள்நாட்டில் கைக்குழந்தை கிடைப்பது அரிது, காத்திருப்பு நீளம். வெளிநாட்டுக் குழந்தையை மதமாற்றம் செய்ய வேண்டும். அதில் அழகான ஒரு விதி உண்டு: பெண் பன்னிரண்டிலும் ஆண் பதின்மூன்றிலும் அந்த மாற்றத்தை மறுக்க உரிமை உண்டு. மறுக்க வேண்டுமானால் விஷயம் தெரிந்திருக்க வேண்டுமே. ஆகவே இந்தப் பிள்ளையிடம் உண்மையை மறைக்க ஹலாகாவே இடம் தருவதில்லை. தான விந்து வீட்டில் இருக்கும் மௌனம் இங்கே இல்லை.

## மலடு இல்லை, நோய் பயம் என்றால்

இது வேறு கணக்கு, சுருக்கமாகச் சொல்கிறேன். அஷ்கெனாஸி யூதர்களில் ஏறக்குறைய முப்பது பேரில் ஒருவர் டே-சாக்ஸ் என்ற நரம்பு நோயின் மரபணுவைச் சுமக்கிறார். இருவரும் சுமந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு ஆபத்து. நோய் வந்த குழந்தை சில வயதுக்குள் இறந்துவிடும். அப்படி நான்கு பிள்ளைகளைப் பறிகொடுத்த ரபி யோசெஃப் எக்ஸ்டைன் 1983ல் புரூக்ளினில் தோர் யெஷோரிம் என்ற அமைப்பைத் தொடங்கினார். இளைஞர்களிடம் ரத்தம் எடுத்து ஒரு எண் கொடுப்பார்கள், பெயர் கிடையாது. வரன் பேசும்போது இரண்டு எண்களையும் சொன்னால் பொருந்தும், பொருந்தாது என்று பதில் வரும். யார் சுமக்கிறார் என்று வெளியே தெரியாது, கல்யாணச் சந்தையில் யாருக்கும் கெட்ட பெயர் இல்லை. சகோதரி மகளை மணப்பதைப் பாராட்டும் வரி தல்மூதிலும் உண்டு. தாய்மாமன் கல்யாணம் உள்ள நம் ஊருக்கும் இந்த ஏற்பாட்டைப் பார்க்கும்போது கொஞ்சம் பொறாமை வர நியாயம் இருக்கிறது.

கல்யாணம் ஆனபின் தெரிந்தால் இரண்டு வழி. ஐவிஎஃப் கருவைச் சோதித்து நோயில்லாததை மட்டும் வைப்பது ஒன்று. நாற்பது நாள்வரை கரு வெறும் நீர் என்று தல்மூதில் ஒரு கூற்று உண்டு. கருப்பைக்கு வெளியே இருக்கும் கருவுக்கு மதிப்பு அதைவிடக் குறைவு என்பதால் பெரும்பாலான ரபிகள் இதற்குத் தடை சொல்வதில்லை. இயற்கையாகக் கருவுற்று, நோய் உறுதியானால் கலைப்பது இன்னொன்று. அங்கே வால்டன்பர்க் டே-சாக்ஸுக்கு ஏழாம் மாதம்வரை அனுமதித்தார், ஃபைன்ஸ்டைன் முழுசாகத் தடுத்தார். எந்த ரபியிடம் போகிறோம் என்பதிலேயே பதில் பாதி அடங்கிவிடுகிறது என்பதால், கல்யாணத்துக்கு முன் சோதிப்பதே மிகச் சிக்கனமான வழி.

## நிறுத்துவதும் ஒரு வழி

பத்து வருடம் பிள்ளை இல்லாவிட்டால் கணவன் சும்மா இருக்கக் கூடாது, விவாகரத்து வரை போகலாம் என்ற அர்த்தத்தில் மிஷ்னா பேசுகிறது. பதினாறாம் நூற்றாண்டிலேயே போலந்தின் ரபி மோசே இஸர்லேஸ் இந்த நாளில் அதை வற்புறுத்துவதில்லை என்று எழுதிவிட்டார். பெண்ணுக்கோ கடமையே இல்லை. ஏன் இல்லை என்பதற்கு த்வின்ஸ்க் ஊர் ரபி மெயிர் சிம்கா சொன்ன காரணம்: பிரசவம் உயிராபத்து, ஆபத்தானதைத் தோரா யாருக்கும் கட்டளையாக இடாது.

அந்தக் காரணத்தை இன்றைய ஊசிகளுக்கும் முட்டை எடுக்கும் அறுவைக்கும் நீட்டிப் பார்த்தால், எத்தனையாவது சுற்றாக இருந்தாலும் "நான் செய்தே ஆக வேண்டுமா?" என்று கேட்கும் மனைவிக்குச் சட்டம் தரும் பதில் "இல்லை" என்பதே. கணவரோடு போய் ரபி முன்னால் உட்கார்ந்து இதைக் கேட்கப் பலருக்கு வாய் வராது. ஜெருசலேமின் நிஷ்மத் என்ற பெண்கள் கல்விக்கூடம் 1990களின் கடைசியிலிருந்து இந்தத் துறையில் பெண்களையே ஹலாகா ஆலோசகர்களாகப் பயிற்றுவிக்கிறது. தொலைபேசியில் பேசலாம். சுழற்சிக் கணக்கிலிருந்து கருத்தரிப்புச் சிகிச்சைவரை அவர்களிடம் கேட்கலாம், கணவர் பக்கத்தில் இருக்க வேண்டியதில்லை.